மூன்றாம் நாள் மூடி

மதுரங்குளி,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சான் ஃபைஸலுக்கு, உங்கள் றைஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ஸம்ஹாவும் சுகம். அந்தக் கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒன்று தொடங்க, சரி சரி பிறகு கதைப்பம் என்று நிறுத்திவிடுவீர்கள். தாளோடு அப்படிச் செய்ய முடியாது. இந்த மாத முடிவில் இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு முன் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு றஸீன் நானா லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார், அவரிடம் ஒரு பொதியோடு கொடுத்தனுப்புகிறேன். பொதியில் சீனிச் சம்பலும் இரண்டு பால்மா டின் மூடிகளும் இருக்கும். சம்பலைத் தின்னுங்கள். மூடிகளை எறிந்துவிடாதீர்கள்.

முந்தல் அல்பிரட் மாத்தயா வந்தார். ஓம், அவரேதான். தன் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கு நீங்கள் அடித்த பெயின்ற் சுருங்கிப் போனதென்று மதுரங்குளிச் சந்தியில் நின்று ஊருக்கே சொன்ன மனிசன். பிறகு அந்தத் தாங்கியைத் திரும்பப் பெயின்ற் அடிக்கச் சிலாபத்தில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். பெற்றோல் பட்டதும் அவர் அடித்ததும் கழன்று வந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கமாட்டேன். உங்கட மனிசன் எப்ப வாறார் என்று கேட்டார். அவர் வருவார், தாங்கியை வைத்துவிட்டுப் போங்கோ என்றேன்.

உங்கள் பெயின்ற் கராஜைப் பூட்டிவிட்டேன் என்றா நினைத்தீர்கள்? கொம்ப்ரஸரைத் துடைத்து ஓடவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு கதிரை, கேற் எல்லாம் அடித்துப் பழகிவிட்டேன். பெற்றோல் தாங்கிக்கு மட்டும்தான் பயம். அதனால் முதலில் நான்கு மூடிகளில் அடித்துப் பார்த்தேன்.

ஒன்றில் கடையில் விற்கும் ஸ்ப்ரே டின். நல்ல பளபளப்பு. பெற்றோலில் நனைத்த துணியைக் கால் மணித்தியாலம் வைத்தேன், நிறம் முழுக்கத் துணியோடு வந்தது. சிலாபத்துக்காரர் செய்தது இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவதில் தின்னர் மட்டும் கலந்து அடிக்கும் சாதாரணப் பெயின்ற். அதுவும் இளகிவிட்டது. மற்ற இரண்டிலும் நீங்கள் அவருடைய தாங்கிக்குப் பாவித்த அதே பெயின்ற், மேலே அடிக்கும் அதே நிறமில்லாத கிளியர், நீங்கள் சுவரில் பென்சிலால் எழுதிவைத்த அளவுப்படி அதை இறுகவைக்கும் ஹார்ட்னர். இரண்டையும் ஒரே நாளில் அடித்தேன். ஒன்றில் மூன்றாம் நாள் துணியை வைத்தேன். மற்றதைப் பத்து நாள் விட்டேன், இந்த உப்புக்காற்றில் ஒரு கிழமை போதாது என்று.

மூன்றாம் நாள் மூடியில் பெயின்ற் சுருங்கியது, அல்பிரட் மாத்தயாவின் தாங்கியில் சுருங்கிய அதே மாதிரி. பத்தாம் நாள் மூடியில் பகல் முழுக்கத் துணி கிடந்தும் ஒரு மங்கல்கூட இல்லை. அந்த இரண்டும்தான் உங்கள் பொதியில் இருப்பவை.

மச்சான், அந்த மூன்றாம் நாள் மூடியைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அல்பிரட் மாத்தயா தாங்கியை எடுக்க வந்த அன்றைக்கு நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். தலவில மாதா கோயில் திருவிழாவுக்குத் தன் மோட்டார் சைக்கிளில்தான் போகவேண்டும் என்று அவசரப்பட்டார். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கொண்டு போங்கோ என்று தூக்கிக் கொடுத்தவள் நான். அது நீங்கள் அடித்து மூன்றாம் நாள்.

அவர் திரும்பி வந்து சத்தம் போட்டபோது, என்னுடைய கைப்பிழைதான் என்று நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, உங்கட கைக்கு இந்த வேலை சரிவராது என்று என் வாயால் சொன்னேன். அடுத்த மாதமே நீங்கள் விசா எடுத்தீர்கள்.

உங்களுக்கு அன்றே தெரியும். அளவைச் சுவரில் எழுதிவைத்தவருக்கு நாள் தெரியாமல் போகுமா? என்னைக் காட்டிக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டீர்கள். உங்கள் மேல் கோபமும் வருகிறது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஆனால் பிழை என்னுடையது. மாப்புச் செய்யுங்கள்.

அல்பிரட் மாத்தயாவிடமும் உள்ளதைச் சொன்னேன். சந்தியில் சொன்னதைச் சந்தியிலேயே திருத்திச் சொல்கிறேன் என்றார். சொல்லியும் இருக்கிறார். கனமூலையிலிருந்து ஒருவர் பழைய ஜீப்புக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும் என்று வந்து, உங்களைத்தான் விசாரித்தார்.

தாங்கியை முடித்துவிட்டேன். துருவைச் சுரண்டி, ப்ரைமர் போட்டு, கரும்பச்சை அடித்து, மேலே கிளியர். வாயின் உள்விளிம்புவரை அடித்திருக்கிறேன், பெற்றோல் வழிவது அங்கேதானே. உங்கள் வேலைக்குக் கொஞ்சம் குறைவு. சிலாபத்துக்காரரின் வேலையைவிட எவ்வளவோ மேல்.

பத்து நாளும் முடிந்துவிட்டது. ஆனால் அதில் இன்னும் ஒரு சொட்டுப் பெற்றோல் ஊற்றவில்லை. நீங்கள் வரும்வரை காத்திருப்பதாக அல்பிரட் மாத்தயா சொல்லிவிட்டார். பொறுமையில்லாத அந்த மனிசனே காத்திருக்கும்போது எனக்கென்ன? மூடிகளைப் பாருங்கள், பிறகு அந்தக் கையெழுத்தைப் போடுவதா என்று யோசியுங்கள். முதல் சொட்டை நீங்களே வந்து ஊற்றுங்கள், மச்சான்.

உங்கள் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

உங்கள்,
றைஸா.