அக்காவுக்கு ஒரு பட்டன் செல்

23-6-2008, திங்கள்

நேற்று பிரபா அக்காவுக்கு நிச்சயம் முடிந்தது. இன்று முழுக்க அண்டா கழுவியே என் கை தேய்ந்துபோனது.

மாப்பிள்ளை கேசவன், கருங்குழி. செங்கல்பட்டில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அக்காவைப் போலவே பிறந்ததிலிருந்து காது கேட்காது. பெரியவர்கள் எல்லாம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால் அக்கா சொல்லமாட்டேன் என்கிறாள். திமிரு.

இப்போதெல்லாம் நிச்சயத் தட்டில் புடவையோடு செல்போனும் வைக்கிறார்கள். வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல். கேசவனின் அண்ணன் ஜெகதீசன்தான் அந்த வீட்டில் எல்லாம். அவரே எடுத்துக் கொடுத்தார். சைனா செட். பட்டனே கிடையாது, முழுக்கக் கண்ணாடி. குத்துவதற்கு ஒரு குச்சி. உள்ளே டிவி. நாலு ஸ்பீக்கர். "ஒரே மாதிரி ரெண்டு எடுத்துட்டேன். தம்பிக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு" என்று சொல்லிப் பாட்டு போட்டுக் காட்டினார். பந்தல் அதிர்ந்தது.

சபையில் அந்தப் பாட்டு கேட்காதவர்கள் இரண்டே பேர்தான்.

25-6-2008, புதன்

குச்சி தொலைந்துவிட்டது. அக்கா நகத்தால் குத்துகிறாள். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது விழுகிறது. வைப்ரேஷன் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஈ உட்கார்ந்த மாதிரி. அவளுக்கு மெசேஜ் வந்தது தெரிய அது ஒன்றுதானே வழி? கரண்ட் வேறு தினமும் பிடுங்கிக்கொள்கிறார்கள். மத்தியானத்துக்குள் செட் செத்துப்போகிறது.

இதையெல்லாம் விட மோசம், அதில் தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடி, ஊரே அப்படித்தான் அடிக்கிறது என்று கையால் சொன்னேன். 'சாப்டியா' என்பதை இங்கிலீஷில் எழுதியும் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: இந்த எழுத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குச் சுருக்கென்றது. நான் காதில் கேட்டதை எழுத்தாக்குகிறேன். அவள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழை அவள் கண்ணால்தான் படித்தாள். சோறு என்றால் அவளுக்கு அந்த இரண்டு எழுத்தின் உருவம்தான், சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. நான் பாலிடெக்னிக் வரைக்கும் போனவளாம்.

28-6-2008, சனி

நிச்சயத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து கேசவனுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. அவரிடமிருந்தும் வரவில்லை. நேற்று ஒரு ரோஜாப்பூ படம் வந்தது, அவ்வளவுதான். கல்யாணம் ஆவணியில். அதுவரைக்கும் பூவும் பொம்மையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?

செட்டை மாற்றித் தரச் சொல்லலாமே என்றேன். நைனா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மாப்ள வூட்டு சாமான குறை சொல்லுவியா? வாயத் தொறந்த, அவ்ளோதான்."

அந்தச் செட் பீரோவுக்குள் போகட்டும், வெளியே தெரியாமல் வேறு வாங்கி சிம்மை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. தேடுவது யார்? நான்தான். படிப்பை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கீது என்று அம்மா. மகாபலிபுரத்தில் சங்குக் கடையில் நாள் முழுக்க நிற்பது வேலை இல்லையாம். சரி. தேடுகிறேன்.

1-7-2008, செவ்வாய்

கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு கைடு, வெள்ளைக்காரன் விட்டுப்போன செட் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கு ஒரு பட்டன். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு. அழுத்தினால் டிக் என்று கீழே போய் மேலே வருகிறது. எனக்கு அதைக் கீழே வைக்க மனசே இல்லை.

தமிழ் வருமா என்றேன். இது லண்டன் போன்மா என்றார்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வாங்கினால் வாங்கலாம். அக்காவுக்கு வேண்டாம்.

4-7-2008, வெள்ளி

கடைக்கு லீவு போட்டுவிட்டு செங்கல்பட்டு போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை விடவில்லை. எல்லோரும் கண்ணாடி செட்டையே மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள். பட்டன் என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மடக்கிற செட் ஒன்று அழகாக இருந்தது. மடிக்கிற இடத்தில் ஒரு வருஷத்தில் ஒயர் அறுந்துபோகும் என்று பக்கத்தில் ரிப்பேருக்கு வந்தவரே சொல்லிவிட்டார்.

கடைசியில் திருவேங்கடம் என்பவர் கடை. சின்னக் கடைதான். என்னம்மா தேடுற என்றார். கொட்டிவிட்டேன்: தமிழ் இருக்கணும், பட்டன்மேலேயே தமிழ் எழுத்து இருக்கணும், இடுப்பில் சொருகியிருந்தால் தூங்குகிறவள் எழுந்து உட்கார்கிற மாதிரி அதிரணும், ரெண்டு நாள் சார்ஜ் நிக்கணும், கீழே விழுந்தா சாகக் கூடாது. "பாட்டு வேணாவா?" "வேணாம்ணா." "கேமரா?" "வேணாம்." அவர் சிரித்துவிட்டு, "இந்த மாதிரி கேக்கற கஸ்டமரு வந்தா நான் கடைய மூடிகினு போவ வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். சாம்பல் கலர். செங்கல் மாதிரி. ஒவ்வொரு பட்டன்மேலும் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். அவரையே ரிங் கொடுக்கச் சொல்லி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். முழங்கை வரைக்கும் ஏறியது. கீழே போட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வாங்கிகினு போய் போடு என்றார்.

வாங்கிவிட்டேன்.

6-7-2008, ஞாயிறு

அக்கா காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறாள். முதலில் எழுத்து எழுத்தாகத் தேடினாள். சாயங்காலம் ஆனபோது பட்டனைப் பார்க்காமலே கட்டைவிரல் ஓடுகிறது. என்ன எழுதினாய், காட்டு என்றேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அனுப்பிவிட்டாள். அப்பாடா. எனக்கே பசி எடுத்தது.

8-7-2008, செவ்வாய்

பதில் இல்லை. இன்னும் மூன்று அனுப்பியிருக்கிறாள்.

9-7-2008, புதன்

ஜெகதீசன் நைனாவுக்குப் போன் போட்டார். நைனா ஸ்பீக்கர் போடாமலே வாசல் வரைக்கும் கேட்டது. "உங்க பொண்ணு இன்னா கட்டம் கட்டமா அனுப்பிகினு கீது? பத்தாவது படிச்சுதுன்னு சொன்னீங்க. எழுதத் தெரியுமா தெரியாதா? தம்பி மூஞ்சே சரியில்ல." நைனா ஏதோ சமாதானம் சொன்னார். அவர் ஏற்கவில்லை. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது, ஆடியில் எதுவும் பேச வேண்டாம், ஆவணி வரட்டும், யோசிக்கணும் என்று வைத்துவிட்டார்.

யோசிக்கணும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆடி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால் ஆவணியில் அவர்கள் வேறு வீட்டில் பெண் பார்ப்பார்கள்.

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

10-7-2008, வியாழன்

அக்கா கேட்டா. என்னான்னு சொல்றது? ஒண்ணுமில்லன்னேன். அவளுக்கு மூஞ்சிய படிக்கத் தெரியாதா? அவளுக்குத் தெரிஞ்சதே அதான். என் கையில போனை குடுத்துட்டு நீயே வெச்சிக்கோன்னு கை காட்டிட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி வெக்கறா. அழக்கூட இல்ல. அழுதிருந்தாலாவது ரெண்டு திட்டு திட்டியிருப்பேன்.

கட்டம் கட்டமான்னா இன்னா? பொண்ணு பட்டனப் பாத்து பாத்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சுது. நானே பாத்தேனே. கட்டம் எங்கேந்து வந்துது?

11-7-2008, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

நைனாவின் சிம்மைக் கழற்றி பீரோவில் கிடந்த சைனா செட்டில் போட்டேன். அக்கா போனிலிருந்து 'பிரபாவதி' என்று தமிழில் அடித்து அந்த நம்பருக்கு அனுப்பினேன். வந்தது. திறந்தால் — கட்டம். வரிசையாகக் குட்டிக் குட்டி காலிக் கட்டம். எழுத்தே இல்லை. அந்தச் செட்டுக்குத் தமிழ் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கேசவன் கையில் இருப்பதும் அதே செட்தான். இவளுக்குப் பட்டன் போன் வாங்க இந்த ஓட்டம் ஓடினேனே, மெசேஜ் போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவரும் படிக்க வேண்டாமா? ஒரு கைக்கு மட்டும் வளையல் வாங்கிய மாதிரி வந்து நிற்கிறேன்.

நைனாவிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. ஆனாலும் மாட்டேன் என்கிறார். ஜெகதீசன் கொடுத்த செட்டுதான் தப்பு என்று அவரிடமே போய் எப்படிச் சொல்வது, கல்யாணத்தை நிறுத்த அதுவே சாக்காகிவிடும் என்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தாலே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

13-7-2008, ஞாயிறு

கருங்குழி போய்விட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அக்காவைத் தவிர. கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. தங்கச்சி ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வைத்துக்கொண்டு உட்கார் என்றேன். போகிற வழியில் செங்கல்பட்டில் திருவேங்கடத்திடம் அதே சாம்பல் செட் இன்னொன்று வாங்கினேன்.

ஜெகதீசன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றது. நைனா வரலியா என்றார். வரல மாமா என்றேன். வழியெல்லாம் மரியாதையாகப் பேச நாலு வாக்கியம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"மாமா, நீங்க குடுத்த போனு நல்லா பாடுது. எங்க அக்காவுக்குக் காது கேக்காது. உங்க தம்பிக்கும் கேக்காது."

முகம் கறுத்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் துணியை உதறிவிட்டு, "கடக்காரன் இதான் டாப்புன்னான்" என்றார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அதற்குள் கேசவன் வந்துவிட்டார். அவர் செட்டைக் கேட்டேன். அக்கா அனுப்பியதெல்லாம் இருந்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை, கட்டத்தை. சிம்மைக் கழற்றி சாம்பல் செட்டில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பட்டன்மேல் எழுத்தைப் பார்த்தவர் விரலால் தடவினார். 'மறுபடி அனுப்பு' என்று அடித்தார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தச் செட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது கையில் அதிர்ந்தபோது கேசவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படித்தார். அண்ணனிடம் நீட்டினார். ஜெகதீசன் வாய்விட்டுப் படித்தார்:

"உங்கள் வீட்டில் கையால் பேச யாருக்குத் தெரியும்? நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் யாரோடு பேசுவது?"

இதைத்தான் அவள் முதல் மெசேஜாக அனுப்பியிருக்கிறாள். பூவும் இல்லை, பொம்மையும் இல்லை. நான் என்னமோ காதல் கடிதம் என்று நினைத்தேன்.

கேசவன் போனை வாங்கி நிதானமாக அடித்தார். அனுப்புவதற்கு முன்னால் அண்ணனுக்குக் காட்டினார். எனக்கும் தெரிந்தது. 'யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் நானும் பேசியதில்லை.'

ஜெகதீசன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. பைக் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "இவன் சொல்றதுல எனக்குப் பாதிதான் புரியும். மீதிய நானே நெனச்சிக்குவேன்" என்றார். அப்புறம், "சாப்டியான்னு கையில எப்படிக் கேக்கறது?" என்றார். காட்டினேன். தப்பாகச் செய்தார். கேசவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

நாஸ்தா கொடுக்காமல் விடவில்லை.

14-7-2008, திங்கள்

காலையிலேயே ஜெகதீசன் நைனாவுக்குப் போன் போட்டிருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் பத்திரிகையை அடிக்கக் கொடுத்துவிடலாம், தம்பி அச்சகத்திலேயே ஆகட்டும் என்று. நைனா என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றினார்.

2-8-2008, சனி

அக்கா மாட்டைக் கறந்துகொண்டே இடது கையால் மெசேஜ் அடிக்கிறாள். அம்மாவுக்குப் பேஜாரு. பால் எங்கே போகுது பாருடி என்று கத்துகிறாள். யாருக்குக் கேட்கப் போகிறது?

சைனா செட் நைனா ஓட்டுகிற லாரியில் ஏறிவிட்டது. நாலு ஸ்பீக்கருக்கும் இப்போதுதான் வேலை.

4-9-2008, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வீங்கிவிட்டது. எழுத முடியவில்லை. வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிறது.

12-9-2008, வெள்ளி

நானும் அதே சாம்பல் செட்தான் வாங்கிக்கொண்டேன். கடையில் ஒரு மதுரைக்கார அம்மா வலம்புரிச் சங்கு என்று எதையோ காட்டி விடாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இடுப்பில் அதிர்ந்தது. அக்கா. நீளமாக அடித்திருக்கிறாள், துண்டு துண்டாக வந்தது.

'இன்று குழம்பில் உப்பு அதிகம். அவர் அண்ணன் என்னைத் திட்டினார். கையாலேயே முழுசாகத் திட்டினார். ஒரு சைகைகூடத் தப்பில்லை. நானும் பதிலுக்குத் திட்டினேன். அவருக்குப் புரிந்தது.'

இரண்டு முறை படித்தேன். அந்த அம்மா சங்கைக் கீழே வைத்துவிட்டு, என்னம்மா, நல்ல சேதியா என்றாள்.

"ஆமாங்க" என்றேன். "எங்க அக்கா புகுந்த வூட்டுல திட்டு வாங்கிட்டா."