ஒரு பிடி கோரை

மாமா,

நேற்று கடலூரில் மீன் கடையில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். புதுத் தொட்டியின் தரையில் கம்பளம் மாதிரி படரும் செடி வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து வைத்து, "வெளிநாட்டு செடிங்க மேடம், மார்சீலியான்னு பேரு" என்றார். குனிந்து பார்த்தால் ஆரைக்கீரை! கீரப்பாளையத்து வயலில் நீங்கள் ஆயுசு முழுக்க ஏசிக்கொண்டே பிடுங்கிய அதே நாலிலை ஆரை. உங்களிடம் உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுக்கக் கை பைக்குள் போனது. நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் எனக்கும் உங்கள் மகனுக்கும் கல்யாணமான புதிது. பிறந்த வீட்டிலிருந்து நான் ஆசையாகக் கொண்டுவந்தது அந்த மீன் தொட்டி ஒன்றுதான். தரைக்கு எந்தச் செடி என்று ஒரு மாதம் யோசித்து, முடி மாதிரி மெல்லிசான ஹேர் கிராஸை வாங்கி, இடுக்கியால் இழை இழையாக நட்டிருந்தேன். அது வேர் பிடித்துப் பச்சைப் பசேலென்று ஆன வாரம்தான் நீங்கள் முதல்முறையாக எங்களோடு தங்க வந்தீர்கள்.

ஆபீஸ் விட்டு வந்தால், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டி முன்னால் நிற்கிறீர்கள். முகமெல்லாம் பெருமை. காலடியில் ஒரு கட்டு புல், வேரில் மணலோடு.

"தொட்டியெல்லாம் கோரை மண்டிப் போயி கெடந்திச்சிம்மா. ஒரு வேர் உடாம எடுத்துட்டேன். இப்ப பாரு, எப்பிடி இருக்குது!"

"ஐயோ மாமா! அது நான் நட்டது!"

உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை முந்திக்கொண்டது. இரண்டு நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் உங்களையும் காணோம், பையையும் காணோம். மனுஷனை விரட்டிவிட்டேனே என்று வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

மதியம் வேட்டி ஓரத்தில் சேறோடு திரும்பி வந்தீர்கள். பையைத் திறந்ததும் வீடெல்லாம் வயல் வாசனை. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய ஆரை.

"இதுவும் களதாம்மா. ஆனா நாப்பது வருஷமா என்னால ஒழிக்க முடியாத கள. ஒந்தொட்டியில நிச்சயமா சாவாது."

கோபமெல்லாம் எங்கே போனதோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இடுக்கியை ஒதுக்கிவிட்டு, நாற்று நடுவது போல இரண்டு விரலால் வரிசை பிசகாமல் நட்டுத் தந்தீர்கள்.

தண்ணீருக்குள் அது நாலிலை விடாமல் ஒற்றை இலையாகத் துளிர்த்தது. நீங்கள் ஊருக்குப் போன பிறகு வாரா வாரம் போனில் அதே கேள்விதான்.

"இப்ப எத்தினி எலம்மா?"

"ஒண்ணுதான் மாமா. ஆனா ஜாஸ்தியா படருது."

"படருதில்ல? அப்ப உடு, அது பொழச்சிக்கும்."

பிழைத்தது. மூன்று வீடு மாறியும் என்னோடு வந்திருக்கிறது. அதனால் கடைக்காரரின் மார்சீலியாவை நான் வாங்கவில்லை. இன்று காலை பழைய தொட்டியிலிருந்து உங்கள் ஆரையைப் பிரித்து, புதுத் தொட்டியில் இரண்டு விரலால் நட்டேன். வரிசை கொஞ்சம் கோணல்தான், திட்டாதீர்கள்.

கடையில் ஹேர் கிராஸ் மட்டும் ஒரு பிடி வாங்கினேன். முன்பக்க மூலையில், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் பிடுங்குவதற்கு ஏதாவது வேண்டாமா மாமா?