எங்கள் போர்த் தண்ணீரைப் படித்த டீச்சருக்கு

டீச்சர்,

போன வெள்ளிக்கிழமை வேதியியல் ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். உங்கள் இரும்பு பீரோவைத் திறந்ததும் அந்தப் பழைய நெடி மூக்கில் ஏறியது. அமிலப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் முக்கால்வாசி தண்ணீர். ஒட்டியிருந்த தாளில் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் என் ஊர்ப் பெயர், அதன் கீழே ‘காலனி போர்வெல்’, அதற்கும் கீழே ‘குடிக்கக் கூடாது’. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர், “கொட்டிடலாமா சார்?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் போட்டார்.

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பத்தொன்பது வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனிமேல் எழுதத்தான் முடியும்.

செஞ்சிக்கு நான் இயற்பியல் ஆசிரியராக மாற்றலாகி வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே வேதியியல் டீச்சர். நம் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவே ஒரே தடுப்புச் சுவர். பதினோராம் வகுப்பின் முதல் நாளில் நான் கரும்பலகையில் ஒரு மரம் வரைவேன். வேரில் இயற்பியல் என்று எழுதுவேன். அணுவுக்குள் நடப்பதிலிருந்து நட்சத்திரம் எரிவது வரை, விசை, ஒளி, வெப்பம் எல்லாம் இதற்குள் அடக்கம் என்று குரலை உயர்த்துவேன். மற்ற படிப்பெல்லாம் இதிலிருந்து முளைத்த கிளைகள் என்பேன். மதியம் ஸ்டாஃப் ரூமில் நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சிரிப்பீர்கள். “வேரும் நீங்க, மரமும் நீங்க. எங்களுக்கு ஒரு எலையாவது மிச்சம் வைக்கக் கூடாதா சார்?”

உங்கள் முதல் வகுப்பை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். “ஒரு பொருள் எதால ஆனது, அது இன்னொண்ணா எப்படி மாறுது. என் பாடம் அவ்ளோதான். அதுக்கு மேல கேட்டா நான் அடுத்த ரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்.” அதை உங்கள் அடக்கம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உங்கள் பாடத்தின் சின்னத்தனம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குக் குரூப் போட்டோ எடுத்தார்கள். பின்னால் ராஜகிரிக் கோட்டை தெரியும்படி பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டுப் போட்டோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். எங்கள் காலனிப் பெண் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை நீங்கள் தனியே அழைத்துப் போய்ப் பேசினீர்கள். அவள் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று வீட்டில் அடி, புகையிலை போடுகிறாள் என்று பஸ்ஸில் கேலி. அன்றே நீங்கள் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தீர்கள். அதே கோடு ஒன்பது பிள்ளைகளுக்கு இருந்தது. அதில் ஏழு பேர் என் ஊர்.

நீங்கள் முதலில் போனது விலங்கியல் சாரிடம். அவர் இரண்டு பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “இது வெளியில ஒட்டின அழுக்கு இல்ல டீச்சர். பல்லு உள்ள உருவாகும்போதே விழுந்த கறை. சின்ன வயசுல உடம்புக்குள்ள ஏதோ போயிருக்குது. அது இன்னான்னு சொல்றது என் வேலை இல்ல, உங்க வேலை” என்றார். மறுவாரமே நீங்கள் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறி, காலனிப் போரின் கைபம்பை அடித்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினீர்கள். அங்கிருந்து வந்த தாளை ஸ்டாஃப் ரூமில் என் முன்னால் வைத்தீர்கள். ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்தது.

“நெறம் இல்ல, ருசி இல்ல, வாசனை இல்ல. காய்ச்சினாலும் போகாது சார். தண்ணி ஆவியாகி இது மட்டும் இன்னும் கெட்டியாகும்” என்றீர்கள்.

அந்தப் போர் எப்படி வந்தது என்று உங்களுக்கு அப்போது தெரியாது. ஏரியோரத்து ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் இறங்கக் கூடாது. அம்மா குடத்தோடு காத்திருப்பாள். யாராவது மனசு வந்து இறைத்து ஊற்றினால்தான் எங்களுக்குத் தண்ணீர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர்தான் ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து, அடி வாங்கி, வேலை இழந்து, கடைசியில் காலனிக்குள் ஒரு போர் கொண்டுவந்தார். முதல் தண்ணீர் பீறிட்டபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அதில் நனைந்துகொண்டு நின்றேன். அம்மா அழுதாள். எனக்கு அது வெறும் தண்ணீர் இல்லை, டீச்சர்.

அன்றைக்குக் கோபத்தில் வகுப்புத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. “இத்தினி நாளு நாங்க தொட்டா தண்ணி கெட்டுப்பூடும்னானுங்க. இப்ப நீங்க வந்து எங்க தண்ணியே கெட்டதுன்றீங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்?”

விலங்கியல் சார் எழுந்து வெளியே போய்விட்டார். நீங்கள் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பாடம் நடத்துவது கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு என் பாடத்தை நடத்துவேன்.

அந்த மூன்று மாதத்தில் நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்த்தெருப் போர் தண்ணீரையும் ஏரியோரக் கிணற்றுத் தண்ணீரையும் அனுப்பிப் பார்த்தீர்கள். நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒரு நிலவியலாளரைத் தேடிப் பிடித்து எங்கள் பக்கத்துப் பாறைத் துண்டு ஒன்றைக் காட்டினீர்கள். பிறகு ஓர் அமாவாசை அன்று, மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் நெரிசலில் நின்றபடியே வந்து எங்கள் வாசலில் இறங்கினீர்கள். வெளியே வந்த என்னைப் பார்த்து, “உங்கள பாக்க வரல சார். ஐயாவைப் பாக்கணும்” என்றீர்கள்.

நைனாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து பாறைத் துண்டைக் கையில் கொடுத்தீர்கள். “இதுல காக்காப்பொன் மாதிரி மினுக்குது பாருங்க ஐயா. பூமியும் பாறையும் எப்படி உண்டாச்சுன்னு படிக்கிறவங்க ஒருத்தர் இருக்காங்க. மழைத் தண்ணி பாறைக்குள்ள வருஷக்கணக்கா ஊறிக் கெடந்தா இதுல இருக்கிறது தண்ணியில எறங்கும்னு அவர் சொல்றாரு. எறங்கினது இன்னா, எவ்ளோன்னு பாக்கிறது என் படிப்பு. அது பல்லையும் எலும்பையும் இன்னா செய்யுதுன்னு பாக்கிறது உசுர்களப் பத்தின படிப்பு, அதுக்கு ஒரு சார் இருக்காரு. தண்ணிய எவ்ளோ ஒசரத்துல ஏத்தி வெச்சா கடைசி வீட்டுக்கும் வரும்னு கணக்குப் போடறது உங்க பையன் படிப்பு. ஆளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். சேர்ந்தாத்தான் முழுசாத் தெரியும்.”

நைனா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊர்த்தெரு போர்ல?”

“அதுலயும் இருக்குது ஐயா. ஊரு எது, காலனி எதுன்னு பாறைக்குத் தெரியாது. ஏரியோரக் கிணறு மட்டும் நல்லா இருக்குது. அது மேல்மட்டத்துத் தண்ணி, வருஷா வருஷம் மழையில மாறுது.”

நைனா கல்லைத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்: “எல்லாத்துக்கும் ஒரு படிப்பு வெச்சிருக்கீங்க டீச்சரம்மா. அந்தக் கெணத்துல எங்கள ஏன் எறங்க உடலன்னு படிக்கிற படிப்பு எது?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மழுப்பாமல் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “மனுஷங்க கூட்டமா எப்படி வாழறாங்க, யார் யாரை ஏன் தள்ளி வெக்கிறாங்கன்னு பாக்கிறதுக்கும் படிப்பு இருக்குது ஐயா. சமூக அறிவியல்னு பேரு. நான் அதப் படிக்கல. எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும்.”

நைனா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “டீச்சரம்மாவுக்கு மோர் கொண்டா. போர் தண்ணி ஊத்தாத.”

ஏரியோரக் கிணற்றிலிருந்து ஊருக்கும் காலனிக்கும் ஒரே தொட்டி என்று மனு எழுதினோம். தொட்டியின் உயரம், குழாயின் அகலம், மோட்டாரின் திறன் எல்லாவற்றையும் நான் கணக்குப் போட்டேன். கிராம சபை கூடியபோது நீங்கள் ஊர்க்காரர் இல்லை என்பதால் புளியமரத்தடியில் ஓரமாக நின்றீர்கள். எழுந்து பேச வேண்டியவன் நான். நைனா கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று நைனாவின் முன்னாலேயே சொல்ல வேண்டும். நாலு வார்த்தை பேசிவிட்டுக் கணக்குத் தாளைப் புரட்டிக்கொண்டு நின்றேன். “ஒரே தொட்டியா?” என்று ஒருவர் கேட்டார். கூட்டம் முணுமுணுத்தது.

நைனா எழுந்தார். “போர் போடச் சொல்லி அலைஞ்சவன் நான். இப்ப அது வேணாம்னு சொல்றவனும் நான்தான். எனக்கு ரோசம் இல்லாமலா? எம் பேரப்புள்ளைங்க பல்ல பாருங்க. உங்க புள்ளைங்க வாயையும் தெறந்து பாருங்க. அப்பறம் சொல்லுங்க, ஒரு தொட்டியா ரெண்டு தொட்டியான்னு.”

ஊர்த்தெருப் பெண் ஒருத்தி தன் மகனை இழுத்து முன்னால் நிறுத்தி, அவன் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள். அவன் பல்லிலும் அதே கோடு.

தொட்டி வர இரண்டரை வருஷம் ஆனது. எத்தனை மனு, எத்தனை நடை என்பது உங்களுக்கே தெரியும். ‘செஞ்சிக்காரிக்கு எங்க ஊருல இன்னா வேலை’ என்று கேட்டவர்களும் உண்டு. அதையெல்லாம் நீங்கள் ஸ்டாஃப் ரூமில் சொன்னதேயில்லை. தண்ணீர் வந்த அன்று நைனா பழைய கைபம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்தார். துணி துவைக்க மட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கண் கலங்கியதை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன்.

அப்போது பிறந்த பிள்ளைகள் இப்போது என் வகுப்புக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். பல் வெள்ளையாக இருக்கிறது. எதற்காக வெள்ளையாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குரூப் போட்டோவில் வாயைப் பொத்திய அந்தப் பெண் திண்டிவனத்தில் நர்ஸாக இருக்கிறாள். உங்கள் சாவுக்கு வந்திருந்தாள். இப்போதும் சிரிக்கும்போது கை வாய்க்குப் போவதாகச் சொன்னாள். விழுந்த கறை விழுந்ததுதான். அதை எந்தப் படிப்பாலும் நம்மால் திருப்பி எடுக்க முடியவில்லை.

ஐப்பசி மழையில் உங்களை அடக்கம் செய்தோம். நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் கபரஸ்தான் வரை நடந்து வந்தார். வாசலில் நின்று, “நாங்க உள்ள வரலாமா?” என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் நைனாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், ஒரு பிடி மண்ணை அள்ளிக் கொடுத்தார். நானும் போட்டேன். அப்போதாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு சாக்கு.

இப்போது சொல்கிறேன். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நான் கேட்டது தப்பு, டீச்சர். எங்களைத் தள்ளி வைத்தவர்களோடு உங்களைச் சேர்த்துப் பேசினேன். வித்தியாசம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அவர்கள் எங்கள் கை பட்ட தண்ணீரைத் தொடாமலேயே தீட்டு என்றார்கள். நீங்கள் கையில் ஏந்தி, பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்காகச் சொன்னீர்கள். நீங்கள் ஒரு தடவைகூட அதை எனக்கு நினைவுபடுத்தியதில்லை. அதனாலேயே எனக்கு மறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கரும்பலகையில் மரம் வரைவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. போன மாதம் ஒரு மாணவனின் அப்பா, வேரோடு பிடுங்கிய, பிஞ்சுக் கடலை தொங்கும் மல்லாட்டைச் செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வகுப்பு வாசலில் நின்றார். “மஞ்ச மஞ்சளா போவுது சார். சயின்ஸ் வாத்தியாராச்சே, உன்னாண்ட கேக்கலாம்னு வந்தேன்.” முன்பாக இருந்தால் ஏதாவது பெரிய வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருப்பேன். இல்லையென்றால் என் பாடம் இல்லை என்று கதவைச் சாத்தியிருப்பேன்.

“எனக்குத் தெரியலண்ணா” என்றேன். “வாங்க, தாவரவியல் டீச்சர்கிட்ட காட்டுவோம். அவங்களுக்கும் தெரியலன்னா மண்ணை எடுத்துக்கினு அடுத்த ஆளுகிட்ட போவோம்.”

அவர் செடியோடு முன்னால் நடக்க, நானும் கூடவே போனேன். தெரியவில்லை என்று சொல்ல முன்பெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும், டீச்சர். இப்போது இல்லை.