ரொஷேலுக்குப் பொறுப்பாக ஒருவர்

ரொஷேலின் அப்பாவுக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுத நேற்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். "பதினெட்டு வயது வரும் மட்டும் பிள்ளைக்குப் பொறுப்பு ஆர்?" என்று கேட்டார்.

றெஜி அண்ணாவிடம் முன்பே கேட்டிருந்தேன். "எனக்கே மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் தங்கச்சி, ஏலாது" என்றுவிட்டார். அக்கா போனை எடுப்பதில்லை. வேறு ஒருவருமில்லாமல்தான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

இனிப் பலனில்லையென்று ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மாதாவுக்கு நேர்த்தி வைப்பதையும் நான் விட்டுவிட்டேன்.

வீட்டை விற்றாலும் பரவாயில்லை. பிள்ளை மேல் கை நீட்டாதீர்கள். நான் தாங்கியதை அவள் தாங்கமாட்டாள்.

அவளுக்கு உங்கள் முகம் ஞாபகமில்லை. "அப்பா நல்லவரா அம்மா?" என்று இன்று காலை கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா