பேச்சை எழுதும் டேப்லெட்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மூடுபனி. துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. நாலாம் வகுப்பு நோட்டில் இன்னும் பதினொன்று திருத்த வேண்டும்.

சனிக்கிழமை சேலத்துக் கடையில் பார்த்த டேப்லெட் நினைப்பாகவே இருக்கிறது. எதிரே இருப்பவர் பேசப் பேசத் தமிழில் எழுதிக் காட்டுகிறது. இப்போதுதான் வந்ததாம். கடைப் பெண் சொன்னது ஒன்று விடாமல் புரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு. கண் கலங்கிவிட்டது, விளம்பரத் தாளை வாங்கிப் படிப்பது போல் நின்றேன்.

அவள் சொன்ன இன்னொன்றும் திரையில் வந்தது. தீபாவளிக்கு அடுத்த மாடல் வருகிறது, நெட் இல்லாமலே எழுதும். எங்கள் வாழவந்தி பள்ளிக்கூடத்தில் நெட் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும்.

ஜூலை 9, புதன்
தூறல். வீட்டில் இவரிடம் டேப்லெட் பேச்செடுத்தேன். பாடம் நடத்த என்றேன். பொய். இவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், எதையும் ஆறப்போட்டுத்தான் செய்வார்.

"புதுசா வந்த சாமான உடனே வாங்கக் கூடாது எஸ்தரு. நாலு பேரு வாங்கட்டும், கோளாறு தெரியட்டும்." என் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் உதட்டசைவில் பிடிபட்டது.

காது மெஷின் சத்தத்தைத்தான் கூட்டும், எனக்குச் சொல் தெளியாது என்று டாக்டர் சொன்னது இவருக்குத் தெரியாது. டாக்டரிடம் போனதே தெரியாது.

உடனே வாங்க: வகுப்பு. ஞாயிறு பிரசங்கம். தலைமை ஆசிரியை சந்தேகப்படுவதற்குள்.
பொறுக்க: நெட். அதோடு நம் பேச்சு அதற்குப் பழக்கமில்லை. கடையில் 'ஊட்டுக்கு' என்றேன், 'ஊட்டிக்கு' என்று எழுதியது.

மூன்று மாதம்தானே. பொறுக்கலாம். பொறுக்க முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்
செம்மநத்தத்துப் பிள்ளை கவிதா இரண்டாம் பீரியடில் மேசையருகே வந்து ஏதோ சொன்னாள். வீட்டுப்பாடம் என்று நினைத்து, சரி கண்ணு, போய் உட்காரு என்றேன். மறுபடி வந்தாள். மறுபடி அதையே சொன்னேன். மதியம் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். உடம்பு கொதித்தது. தலைமை ஆசிரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். "காய்ச்சலா இருக்குதுன்னு ரெண்டு தடவ சொன்னாளாம். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்கவில்லை என்றேன். முதல் முறையாக ஒருவரிடம்.

ஜூலை 11, வெள்ளி
மழை விட்டது. கவிதாவுக்குப் பரவாயில்லை. போய்ப் பார்த்தேன். அவள் அம்மா காப்பி கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். டாக்டர், கடை, கவிதா. பீரோவைத் திறந்து பணத்தை எண்ணினார். பிறகு, "காலைல முதல் பஸ்ஸுக்குப் போலாம்."

ஜூலை 12, சனி
வாங்கியாயிற்று. அடுத்தது வரும்போது வரட்டும். பஸ்ஸில் திறந்து பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் என்னென்னவோ எழுதியது. மூடிவிட்டேன்.

வீட்டில் இவர் அதை மேசையில் நிறுத்தி வைத்து, விட்டு விட்டுப் பேசினார். எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று திரையில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து என்றேன்.

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

பாதிக்குச் சிரித்து வைத்தேன் என்றேன்.

கோபிக்கவில்லை. நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, கிறிஸ்துமஸிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.