நான் போகாத ஒன்பது இடங்கள்

உன் ஜிபிஎஸ் கருவி திங்கட்கிழமை என்னிடம் வந்து சேர்ந்தது. உன் மனைவி அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு, விராலிமலையிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். போனில் பேசியபோது, "வீட்டை ஒதுங்க வைக்கையில கெடச்சுச்சு அக்கா. இது என்ன மிஷின்னே எங்களுக்குத் தெரியல. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். பையைத் திறந்ததும் பழைய ரப்பரும் செம்மண்ணும் கலந்த வாடை வந்தது. பொத்தான்களின் இடுக்கில் இன்னும் மண் இருந்தது. நீ எதைத்தான் துடைத்து வைத்திருக்கிறாய்?

பேட்டரி மூடிக்குள் துரு ஏறியிருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டிவிட்டு இரண்டு புது பேட்டரி போட்டேன். உயிர் வந்துவிட்டது. அதே மேசையில், அதற்குப் பக்கத்திலேயே, கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று நாலு நாளாகக் கிடந்தது. குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து கருத்துச் சொல்லும்படி எழுதியிருந்தார்கள். கிராமத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். உனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு சோலார் கம்பெனி அங்கே தைலமரக் காட்டை ஒட்டி நிலம் வாங்கிக் கம்பி வேலி போடப் போகிறது. தங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி அந்த நிலத்துக்குள்தான் ஓடுகிறது, அதை அடைத்தால் கண்மாய் செத்துப்போகும் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பழைய கிராம வரைபடத்தில் மெல்லிய கோடாக ஒன்று இருக்கிறது. அந்த வாரி எப்போதோ தூர்ந்துவிட்டது, இப்போது அங்கே இருப்பது முட்புதர்த் தரிசு என்கிறது கம்பெனி. அதற்கு அவர்கள் காட்டும் சான்று, என் முனைவர் பட்ட ஆய்வில் நான் போட்ட நிலப்பயன்பாட்டு வரைபடம்.

என்ன சொல்வது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். வரைபடம் அன்றைய சாட்டிலைட் படத்தின்படி சரி, பன்னிரண்டு வருடத்தில் நிலம் மாறியிருக்கலாம், மறு ஆய்வு தேவை. இந்த மாதிரி வாக்கியங்களில் நான் இப்போது கைதேர்ந்தவள். யாருக்கும் நோகாது, எனக்கும் நோகாது. அந்தத் தைரியத்தில்தான் உன் கருவியில் நீ சேமித்து வைத்திருந்த இடங்களின் பட்டியலைச் சும்மா நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் என் ஆய்வுப் புள்ளிகளின் எண்கள் இருந்தன. அறுபத்து மூன்று முதல் எழுபத்தொன்று வரை. ஒன்பது இடங்கள். உடனே கருவியை அணைத்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே நெறியாளரிடம், ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே ஆய்வு செய்தவர்கள். நான் கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ் ஏறி வருவேன், நீ விராலிமலையிலிருந்து. எனக்குப் படம் பிடிக்கும், உனக்குத் தரை பிடிக்கும். கம்ப்யூட்டரில் நிறங்களைப் பிரித்து, இது வயல், இது பாறை, இது புதர் என்று நான் வேகவேகமாகப் போட்டுக்கொண்டே போவேன். நீ செம்புரைக்கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து ஒரு வாரம் யோசிப்பாய். என்னை 'ஏசி ரூம் ஜியாக்ரபி மேடம்' என்று கிண்டல் செய்வாய். அந்த அறையில் ஏசியே கிடையாது என்பது வேறு விஷயம்.

படத்தில் பார்த்துப் போட்டது தரையில் உண்மையா என்று சரிபார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் புள்ளிகளுக்கு நேரில் போய், அங்கே இருப்பதைக் குறித்து வர வேண்டும். என் புள்ளிகளை இரண்டு கருவிகளிலும் ஏற்றி வைத்திருந்தோம், ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று. முதல் அறுபத்திரண்டு இடங்களுக்கும் நான் ஒழுங்காகத்தான் போனேன். முள் குத்தி வண்டி பஞ்சர் ஆகி, நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த நாளும் உண்டு. அதையும் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊருக்கு மட்டும் முதல் நாளே தகராறு. பூமிக்கு அடியில் எதையோ எடுக்கப் போகிறார்கள், நிலமெல்லாம் போகப் போகிறது என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சாக இருந்த நேரம். கையில் மிஷினோடு ஒருத்தி அந்த முட்புதர்ப் பக்கம் வந்தால் சும்மா விடுவார்களா? விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எதை அளக்க வந்தீர்கள், யார் அனுப்பினார்கள் என்று ஒரே கேள்வி. நான் யுனிவர்சிட்டி என்றேன், ஆராய்ச்சி என்றேன். ஒருத்தி என் கருவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் என்னை உட்கார வைத்தார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஆனால் கருவி கைக்கு வந்ததும் வண்டியை எடுத்தவள் கீரனூர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது. உதவிப் பேராசிரியர் பணியிடம் ஒன்றுக்கு விளம்பரம் வந்து, நாம் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். மீதி ஒன்பது புள்ளிகளையும் நான் நாற்காலியில் உட்கார்ந்தே நிரப்பினேன். படத்தில் புதராகத் தெரிந்ததைத் தரையிலும் புதர் என்று எழுதினேன். பரீட்சை எழுதியவளே திருத்துகிற மாதிரி, ஒன்பதும் சரி என்று வந்தது.

நீ என் குறிப்பேட்டைப் புரட்டினாய். மற்ற இடங்களுக்கெல்லாம் புகைப்படம் இருக்கிறது, இந்த ஒன்பதுக்கு இல்லை. ஒன்பது வரியும் ஒரே பேனா. நீ குரலை உயர்த்தாமல் கேட்டாய்.

"போய் நின்னியா?"

"நின்னேன். போட்டோ அழிஞ்சுபோச்சு."

நீ குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனாய். அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது உன் கருவிக்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அதை மறுபடி உயிர்ப்பித்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீ ஒன்பது இடத்துக்கும் போயிருக்கிறாய். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் ஓரிரு சொல் அடித்திருக்கிறாய். அறுபத்து மூன்று, புதர். அறுபத்து நான்கு, வாரி. அறுபத்தைந்து, வாரி. அறுபத்தாறு, வாரி, கரை இருக்கு. ஒன்பதில் ஆறு இடம் வாரி. பங்குனி வெயிலில் எடுத்த படத்தில் வறண்டு, கருவேலம் மண்டிக் கிடந்த வாரி எனக்குத் தரிசாகத் தெரிந்திருக்கிறது. இறங்கி நின்றிருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும்.

பிறகு தேதியைப் பார்த்தேன். நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னால்.

அந்த நேர்காணல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். மண்டபத்துக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இருந்தது ஒரே பணியிடம். கடைசிச் சுற்றில் நாம் இரண்டு பேர்தான். உன் மடியில் அந்தப் பழைய தோள்பை இருந்தது. இந்தக் கருவி அதற்குள்தான் இருந்திருக்கும், நீ அதை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டாய். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீயோ என் ஃபைலிலிருந்து நழுவிய தாள்களை வாங்கி ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டு, "மொதல்ல நீ போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாய். உள்ளே வரைபடத்தை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நான் கணீரென்று பதில் சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது.

நீ கௌரவ விரிவுரையாளர் ஆனாய். வருடா வருடம் ஜூன் மாதத்தில் உத்தரவு வருமா வராதா என்று காத்திருக்கும் வேலை. நான் இணைப் பேராசிரியர் வரைக்கும் வந்துவிட்டேன். கருத்தரங்கு, கட்டுரை, கீழே நாலு ஆய்வாளர்கள். அந்த வரைபடத்தை யார் யாரோ மேற்கோள் காட்டினார்கள். நீ எப்போதாவது போன் செய்து "என்ன மேடம், பிஸியா?" என்பாய். நான் பிஸிதான் என்பேன். கூட்டங்களில் உன்னைக் கண்டால் வேறு பக்கம் நகர்ந்து போவேன். உன் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி திரும்ப வந்துவிடும் என்று பயம். போன ஐப்பசியில் நீ விராலிமலை பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அப்படியே போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தபோதுகூட, கூட்டத்தின் ஓரமாக நின்று மாலையை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய் முழுக்க எனக்கு உன்மேல் கோபம். உண்மையைச் சொல்கிறேன், அழுகை இல்லை, கோபம்தான். நீ நம் நெறியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, என்னிடமாவது சத்தம் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் முள்ளுக்குள் தனியாக அலைந்து, பார்த்துவிட்டு, பையில் போட்டு மூடிக்கொண்டு போக நீ யார்? அது இரக்கமா, இவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்ற ஏளனமா? செத்துப்போனவனிடம் சண்டை போடுவது எவ்வளவு கேவலம் என்று புரிந்தும் போட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வகுப்பில் ஒரு பெண் சந்தேகம் கேட்டபோது அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை போனேன். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோட்டாட்சியரும் கம்பெனியின் இளம் என்ஜினியரும். மறு பக்கம் ஊர் முழுக்க நின்றது. என் வரைபடத்தைப் போர்வை அளவுக்கு அச்சடித்து மேசையில் விரித்திருந்தார்கள். கீழ் மூலையில் என் பெயர். ஊர்ப் பெண்கள் அந்தப் பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தயாரித்து வைத்த வாக்கியம் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் வேலி போட்டிருப்பார்கள், நானும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பேன்.

நான் அந்த ஒன்பது இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, இங்கே வரைபடத்தை நம்ப வேண்டாம் என்றேன்.

"மேடம், இது பப்ளிஷ் ஆன பேப்பர். இத வச்சுத்தான் நாங்க பிளானே போட்டிருக்கோம்" என்றான் அந்தப் பையன். அவன் குரலில் கோபத்தைவிடக் கலக்கம் அதிகம் இருந்தது.

"தெரியும் தம்பி. இந்த ஒம்போது எடத்துக்கும் நான் போகல. போனதா எழுதினேன்."

கோட்டாட்சியர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத அப்படியே பதிவு பண்ணிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"பண்ணிக்குங்க சார். கையெழுத்துப் போடுறேன்."

போட்டேன். பிறகு எல்லாரும் எழுந்து நிலத்துக்கு நடந்தோம். உன் கருவியை நான் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். கருவேலத்தை விலக்கி இறங்கினால், இரண்டு பக்கமும் இடுப்பளவு கரை, நடுவில் மணல் அரித்து ஓடிய தடம். அறுபத்தாறில் நின்றபோது அந்த என்ஜினியர் பையனே டேப்பை இழுத்து அகலம் பார்த்தான். பார்த்துவிட்டு அளவைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டான். வேலி வேலையை நிறுத்தி வைக்கும்படி கோட்டாட்சியர் அங்கேயே சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது வார்டு உறுப்பினர் பழனியம்மாள் என் கூடவே நடந்தார். நரை விழுந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"அன்னிக்கு ஒங்க மிஷினப் பிடுங்குனது நான்தாங்க" என்றார். "நீங்க போயிப் பத்துப் பதினஞ்சு நாள்ல ஒரு தம்பி வந்துச்சு. அதுகிட்டயும் பிடுங்கிட்டோம். கோவிச்சுக்கல. சாயந்தரம் வரைக்கும் எங்களோடயே ஒக்காந்திருந்துச்சு. மொத ஒரு அம்மா வந்தாங்க, வெரட்டி விட்டுட்டோம்னு சொன்னோம். அவங்க பயந்துட்டாங்க, ஆனா ஒரு நா திரும்பி வந்து ஒள்ளதச் சொல்லுவாங்க, நல்ல மாதிரின்னுச்சு. எங்க, அந்த அம்மா வரவே இல்லையேன்னு நாங்க பேசிக்குவோம்."

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தம்பி சௌக்கியமா என்று அவர் கேட்டார். சொன்னேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும், கட்டுரை வெளியான இதழுக்கும் நேற்று எழுதிவிட்டேன். பட்டம் நிற்குமா, வேலை நிற்குமா என்று தெரியாது. விசாரணை வைப்பார்கள், போய் உட்காருவேன். நீ அந்தப் பெண்களிடம் அப்படிச் சொன்னது என்னை நம்பியா, அவர்களைச் சமாதானப்படுத்தவா என்பதும் இனித் தெரியப் போவதில்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நான் பயந்து ஓடிய ஊரில் நீ என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி வைத்திருந்தாய். அவர்கள் அதை நம்பிப் பன்னிரண்டு வருடம் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் உன்னைக் கண்டால் ஒதுங்கிப் போனேன்.