வகுப்பு அமைதியாகட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நாங்கள் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்குத்தான்.

முதலில் நல்ல சேதி. அரசுப் பள்ளி மசோதா நேற்று சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. உன் அக்காவைப் போன்ற ஒப்பந்த ஆசிரியர்கள் இனி நிரந்தரம். சம்பளமும் மற்றவர்களுக்குச் சமம். ஆனால் ஒரேயடியாக இல்லை, இரண்டு தவணையாக ஏற்றுவார்களாம். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் சங்கத்தில் முணுமுணுப்பு இருக்கிறது. ஆய்வகத்துக்கான பணத்தை மட்டும் குறைக்காமல் கொடுத்துவிட்டார்கள். பணக்காரப் பகுதி, ஏழைப் பகுதி என்று பார்க்காமல் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பங்கு.

இதில் உன் அக்காவின் கை இருக்கிறது மாப்பிள்ளை. கை என்பதைவிட வாய் என்று சொல்லலாம். உண்மையில் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவள் செய்த பெரிய வேலை.

போன மாதம் மசோதாவை ஆராயும் குழு ஆசிரியர்களை அழைத்துக் கருத்துக் கேட்டது. ஆளுக்கு மூன்று நிமிடம். அக்காவின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை போவதாக இருந்தது. அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, இவளைத் தள்ளிவிட்டார்கள். டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். நான் சலூனில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே பார்த்தேன். அவர் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அக்காவின் பழைய மாணவர்.

அவள் எழுந்து வணக்கம் சொல்லி ஆரம்பித்தாள். குழு உறுப்பினர்கள் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் போனில் சிரிக்கிறார், இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ கதை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? பேச்சை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவர்களையே பார்த்தபடி நின்றாள். வகுப்பில் சத்தம் வந்தால் நிற்பாளே, அதே மாதிரி. பரீட்சைக்குப் படிக்கும்போது நீயும் அந்தப் பார்வையில் மாட்டியவன்தானே.

அடிப்பாவி, நேரம் ஓடுகிறதே என்று கத்தியை எடுக்காமலே டிவி பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து நாற்காலியில் இருந்த பார்சல்காரர், "டீச்சர் நிறுத்திட்டாங்க" என்று சொல்லி விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். என் கத்தி அவருடைய பாதி மீசையைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அங்கே ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைசியாகப் போன் பேசியவர் அதைக் கவிழ்த்து வைத்தார். சரியாக அப்போது மணி அடித்தது. உங்கள் நேரம் முடிந்துவிட்டது அம்மா என்றார் தலைவர். அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது, முகமே வெளுத்துவிட்டது. "மன்னிச்சிடுங்க ஐயா. வகுப்பு அமைதியாகாம எனக்குப் பாடம் ஆரம்பிக்கத் தெரியாது" என்றாள். அரங்கமே சிரித்தது. அடுத்துப் பேச வேண்டிய ஓவிய ஆசிரியர் எழுந்து, என் நேரத்தை இந்த டீச்சருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு அவள் பேசியது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். "எங்க ஆய்வகத்துல ஒரே ஒரு அடுப்புங்க. நான் செஞ்சு காட்டுறப்போ பின்னாடி நிக்கிற பிள்ளைங்களுக்கு எதுவும் தெரியாது. 'நிறம் மாறிடுச்சா டீச்சர்?'னு கேப்பாங்க. மாறிடுச்சுன்னு சொல்லுவேன். அதை நம்பி எழுதிக்குவாங்க. அறிவியலை நம்பி எழுதக் கூடாதுங்க, பார்த்து எழுதணும்" என்றாள். பிறகு, "கூட இருந்த டீச்சருங்க சம்பளம் பத்தாம ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. வெளிநாட்டுல என் தம்பியும் எனக்கு ஒரு வேலை பார்த்து வெச்சிருக்கான். எனக்குப் போக மனசில்ல. இங்கேயே இருக்க ஒரு வழி பண்ணுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

போக மனசில்லை என்பதை நானே டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அவள் மட்டும் அங்கே வருவது, பிறகு நானும் பெண்ணும் வருவது என்று நாம் பேசியபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தாள். அவளுக்கு ஆசை என்று நினைத்து நான் சிரித்த முகமாக இருந்தேன். எனக்கு ஆசை என்று நினைத்து அவள் பெட்டி வாங்கினாள். நல்ல குடும்பம் போ.

அன்றிலிருந்து சலூனுக்கு வருகிறவர்கள் என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்கிறார்கள். முன்பு அவளைச் சலூன்காரர் சம்சாரம் என்பார்கள். மாறிப்போனதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. உன் மருமகளுக்கும் தலைகால் புரியவில்லை. சாப்பாடு தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள். பார்சல்காரருக்கு மீசை முளைக்கும்வரை சவரம் இலவசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிகழ்ச்சியை நீ பார்த்திருக்க மாட்டாய். அவளும் உன்னிடம் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ எத்தனை பேர் வாசலில் நின்று அந்த வேலையைப் பிடித்தாய் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் சொன்ன ஒரு வார்த்தையை உன்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தம்பி முகம் வாடுமே என்று அழுகிறாள். சட்டம் அவளை இங்கே இருக்க விட்டாலும், நீ மனதார விட்டால்தான் அவள் இருப்பாள்.

கோபப்படாதே மாப்பிள்ளை. உன் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னைக் கூப்பிடுவாள். சுகம் விசாரிப்பாள், பிறகு சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தாதே. நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. அமைதியானால்தான் உன் அக்காவுக்கு ஆரம்பிக்கத் தெரியும்.

எல்லா நலமும் பெற்று வாழ வாழ்த்தும்,
உன் மாமா